திருக்கைத் தோல் போட்ட சோங்கு

ஸுலைஹா ராத்தாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடமாவது கேட்டால், "பாவம் மனுசி, காணிய வித்துப்போட்டு இப்ப கூலிக்குப் போகுது" என்று உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சுக்கொட்டலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம்! அவளைப் பாவமாக்கியது யார் என்று ஒருத்தனாவது வாய் திறந்து சொல்லட்டும் பார்ப்போம். சொல்லமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். என் பெயர் நிஸ்ரின். குறிஞ்சிப்பிட்டியில் ஸுலைஹா ராத்தாவின் வேலிக்கு இந்தப் பக்கம் என் வீடு. ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

ராத்தாவின் புருஷன் முத்தலிபு நானா மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். மௌத்தானவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அவரைப் போல ஒரு கஞ்சனை இந்தக் கரையில் நான் கண்டதில்லை. தோட்டத்தில் பீட்ரூட்டும் மிளகாயும் போட்டிருந்தார். பன்றி விரட்ட அவரிடம் ஒரு துவக்கு இருந்தது. அவருடைய வாப்பா காலத்து ஒற்றைக்குழல் துவக்கு. சண்டைக் காலம் முழுக்க பொலிசில் ஒப்படைத்துக் கிடந்து, சண்டை முடிந்த பிறகு பயிர் காக்கவென்று திரும்பக் கிடைத்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அன்று மனுசன் புது மாப்பிள்ளை மாதிரி நடுரோட்டில் நடந்து வந்தார்.

எங்கள் பக்கம் கழுதைகள் கட்டாக்காலியாகத் திரிவது தெரியும்தானே. ஒரு நாள் ஒரு பெட்டைக் கழுதை பீட்ரூட் இலைக்கு ஆசைப்பட்டு முள்ளுக்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டது. முத்தலிபு நானா துவக்கோடு ஓடினார். வெடி வைத்தால் ஒரு தோட்டா வீணாய்ப் போய்விடுமே! துவக்கைத் திருப்பி, குழலைப் பிடித்துக்கொண்டு, சோங்கால், அதுதான் பின்பக்க மரப்பிடியால், கழுதையின் முதுகில் அடித்தார். மாட்டிக்கொண்ட கழுதை ஓடவும் முடியாமல் கத்தியது. அது கத்தக் கத்த அடித்தார். கழுதை சாகவில்லை. சோங்குதான் வெடித்தது. விசைக்குப் பின்னால், கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில், மரம் நீளவாக்கில் பிளந்துவிட்டது. பின்னங்கால் இழுபட அந்தக் கழுதை வெகுகாலம் ரோட்டில் திரிந்தது. காணும்போதெல்லாம் "என்ட சோங்க உடைச்ச நாய்" என்று அதைத் தூஷணத்தில் திட்டுவார். பிளவுக்கு மருந்தாக வேலிக்கம்பியை எடுத்து நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினார். முடிந்தது வைத்தியம்.

சோங்கின் ருசி கழுதைக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்தாவின் இடது தோளுக்கும் தெரியும். அந்தத் தோளில் தண்ணீர்க் குடம் வைக்கமாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சுவர் மெல்லியது, எனக்குக் காது இருக்கிறது.

அந்த மனுசன் ஒரு நாள் மிளகாய்ப் பாத்தியில் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி விழுந்து மௌத்தானார். ராத்தா இத்தாவில் உட்கார்ந்தாள். எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்க வேண்டும். அவள் உள்ளே இருந்தாள். பன்றிகள் தோட்டத்தில் இருந்தன. காவல் பார்க்கிறேன் என்று பொறுப்பெடுத்தவன் அவளுடைய கொழுந்தன் றஸீன், முத்தலிபு நானாவின் தம்பி. காவல் பார்த்த லட்சணத்தை நான் கண்டேன். தோட்டத்து வேலிப் படலையை ஒரு நாள்கூட அவன் கட்டவில்லை. காலையில் வந்து குடைந்த பாத்தியைப் பார்த்துவிட்டு, ஜன்னலடியில் நின்று அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "மச்சி, இது பொம்புளைக்குச் சரிவராது. காணிய என்ட பேருக்கு எழுதித் தாங்க. உங்களுக்குச் சோத்துக்கு நான் பொறுப்பு" என்பான்.

றஸீன் யார் என்றும் சொல்லவேண்டும். கரையில் இருக்கும் வள்ளங்களில் பாதி அவனுடையது. ஊரின் மரக்கறியை ஏற்றிப்போகும் லொறியும் அவனுடையது. அவனுடைய காணி ராத்தாவின் காணிக்குப் பின்னால். ரோட்டோரம் இருப்பது ராத்தாவுடையது. ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிச் சறுக்க வரத் தொடங்கியதிலிருந்து ரோட்டோரக் காணி என்றால் என்ன விலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ராத்தாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இருந்தது அந்தத் தோட்டம் மட்டும்தான். அதில் விளைந்தால் அவள் யாரிடமும் போகத் தேவையில்லை. விளையாவிட்டால் றஸீனுக்கு எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இத்தா முடிந்து வெளியே வந்தவள் முதலில் எங்கே போனாள் தெரியுமா? உறவுக்காரர் வீட்டுக்கா? இல்லை, கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு. துவக்கைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். வரிசையில் நின்ற ஆம்பிளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வருடம் லைசன் வந்தது. ஊரில் அவளுக்கு அன்றிலிருந்து 'துவக்குக்காரி' என்று பெயர்.

முதல் வெடியிலேயே பன்றியை விழுத்தினாள். மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன், வெளிச்சம் இருக்கும்போதே. சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். பன்றி பாத்தியில் கிடந்தது. ராத்தா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெடி உதைத்த உதையில் கம்பிக்கட்டு இளகி, பிளவு வாய் திறந்து, மூடும்போது உள்ளங்கைச் சதையைக் கடித்துவிட்டது. இரத்தம் முழங்கை வரைக்கும் வடிந்தது.

"ராத்தா, வலிக்குதா?"

"பண்டி உழுந்துட்டுதா இல்லையா, அதச் சொல்லு புள்ள" என்றாள். சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் பன்றியைத் தொடமாட்டோம். செத்த பன்றியை எடுத்துப்போக ஆலங்குடாவிலிருந்து இன்னாசிப்பிள்ளை வந்தார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், உடைந்த ஃபைபர் வள்ளங்களை ஒட்டுகிறவர். மரவேலையும் தெரியும். வெள்ளைக்காரரின் சறுக்குப் பலகை உடைந்தாலும் அவரிடம்தான் வரும். இரண்டு பேரோடு வந்து பன்றியைத் திரீவீலரில் ஏற்றினார். பிறகு மரத்தில் சாத்தியிருந்த துவக்கைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். ராத்தாவின் கைக்கட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதால இன்னொரு வெடி வச்சா கை இல்ல, கண்ணுதான் போகும். கொண்டாங்க, நான் ஒட்டித் தாறன்."

"லைசன்காரர் கையவிட்டு வெளிய குடுக்க ஏலாது, அண்ணன்."

"அப்ப நீங்களும் வாங்க. பக்கத்துல குந்திக்கிட்டுப் பாருங்க."

வேறொரு பெண்ணாக இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்றிருப்பாள். ராத்தா அப்போதே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். தனியாகப் போனால் ஊர் கதை கட்டும் என்று நானும் ஏறினேன். அப்படியாக அந்தத் திரீவீலரில், பின்னால் சாக்கு மூடிய பன்றி, முன்னால் மடியில் துவக்கோடு ராத்தா, பக்கத்தில் நான். கடைத்தெரு முழுக்க எங்களைப் பார்த்தது. பின்னுக்கு வந்த வினைக்கு இந்த ஒரு பயணம்தான் முதல்.

இன்னாசிப்பிள்ளையின் கொட்டில் கடலைப் பார்த்தபடி இருந்தது. அங்கே பல தடவை போனோம். முதலில் கம்பியை வெட்டி எறிந்தார். கறுத்துப்போன பிளவைத் பெயின்ட் தின்னரில் தோய்த்த துணியால் துடைத்துத் துடைத்து, பழைய எண்ணெய் முழுவதையும் இறக்கினார். எண்ணெய் ஊறின மரத்தில் பசை பிடிக்காதாம். மெல்லிய ஆப்பு வைத்துப் பிளவை இன்னும் கொஞ்சம் திறந்து, வள்ளத்துக்குப் போடும் பசையை அடிவரைக்கும் ஓடவிட்டார். ஆப்பை உருவிவிட்டு சைக்கிள் டியூபைக் கீறி அந்த இடத்தில் இறுக்கிச் சுற்றினார். காய்ந்த பிறகு குறுக்கே ஒரு பித்தளை ஆணியும் இறக்கினார்.

"இது போதாதா?" என்று ராத்தா கேட்டாள்.

"வீட்டுக் கதவெண்டாப் போதும். இது உதைக்கிற சாமான். மேல ஒரு தோல் போடணும். திருக்கைத் தோல ஈரமாத் தைச்சு விட்டா, காய்ஞ்சாப் பொறகு இரும்பு வளையம் மாதிரிப் புடிக்கும். பெரிய திருக்கை ஒண்டு கிடைக்குமா?"

கிடைக்குமாவா! என் புருஷன் மிஹ்லார் கடலுக்குப் போகிறவர். றஸீனின் வள்ளம், றஸீனின் எஞ்சின். நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கதவகலத் திருக்கை ஒன்றை வள்ளத்திலிருந்து இழுத்து மணலில் போட்டார். முதுகுத் தோலைத் தன் கத்தியாலேயே உரித்து, "இந்தா, உன்ட துவக்குக்காரிக்குக் கொண்டுபோய்க் குடு" என்று என் காலடியில் எறிந்தார். தோலை வாளியில் உப்புத் தண்ணீர் விட்டு நான்தான் தூக்கிப் போனேன். மீனைக் கறியாக்கித் தின்றோம்.

அந்தத் தோலை இன்னாசிப்பிள்ளை அளவாக வெட்டி, உள்பக்கம் பசை பூசி, சோங்கின் கழுத்தைச் சுற்றி இழுத்து, தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நரம்பால் நெருக்கமாகத் தைத்தார். அது காய்ந்ததும் மேலே இருந்த கரடுமுரடான மணிகளை அரத்தால் தேய்த்து மட்டமாக்கி, கறுப்பு வார்னிஷ் பூசினார். தேய்த்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ராத்தா அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். கன்னத்தைச் சோங்கில் வைத்துக் கடலைப் பார்த்தாள். மரம் நெளியவில்லை, கிறீச்சிடவில்லை. "மாஷா அல்லாஹ்" என்றாள். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அந்தப் போகம் அவள் தோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பன்றி இரண்டு தடவை வந்தது. ஒன்று விழுந்தது, மற்றதெல்லாம் ஓடிப்போய் றஸீனின் பாத்தியைக் கிண்டியது. பீட்ரூட் கை முட்டி அளவு. மிளகாய்ச் செடி குனிந்து நின்றது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். றஸீனும் நின்று பார்த்தான்.

கதையை யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். நல்ல கதை! கடையில் ஆரம்பித்தது, லொறியில் ஏறியது, வள்ளத்தில் இறங்கியது. துவக்கும் பன்றியும் ஒரே திரீவீலரில் ஒரே நாளில் இன்னாசியிடம் போனதா? போனது. துவக்கு தோல் போட்டுத் திரும்பி வந்ததா? வந்தது. அப்படியானால் அது என்ன தோல்? "பண்டித் தோல்." அவ்வளவுதான். கூட்டிப் பார்க்கச் சின்னப் பிள்ளைக்கும் ஏலும். அந்தக் கணக்கில் என் வாளியும் திருக்கையும் எங்கேயும் வரவில்லை.

மறுநாள் மிளகாய் பறிக்க ஒருத்தியும் வரவில்லை. நானும் ராத்தாவும் பறித்துக் கட்டி ரோட்டோரம் வைத்த சாக்குகளை லொறி ஏற்றாமல் போனது. பண்டித் தோலைப் பிடித்த கையால் பறித்த மிளகாயை யார் தின்பது? வெயிலில் சாக்கு வெந்தது. ராத்தா வீட்டு வாசலில் வைத்த தண்ணீர்ப் பானையில் ரோட்டுக்காரர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் முகத்துக்கு நேரே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கண்டால் சாரத்தை இழுத்து ஒதுங்கிப் போனார்கள், ஈரநாயைக் கண்டதைப் போல.

ராத்தாதான் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினாள். "வந்து பாருங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, தொழ வைக்கும் ஹஸ்ரத் வந்தார். பின்னால் றஸீன், அவனுக்குப் பின்னால் அரைவாசி ஊர். இன்னாசிப்பிள்ளையைக் கூப்பிடலாம் என்றால், அவர் குடும்பத்தோடு தலவில தேவாலயத் திருநாளுக்குப் போயிருந்தார். வரும் நாளாக அந்த வெள்ளிக்கிழமையையே பார்த்து எடுத்தான் றஸீன் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஹஸ்ரத் மேல் எனக்குக் கோபமில்லை. கண்டிப் பக்கத்து ஆள், எங்கள் பள்ளிக்குப் புதிது. இளந்தாடி, மெல்லிய குரல். முற்றத்தில் பாயில் வைத்திருந்த துவக்கைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன தோலுண்டு எனக்கு விளங்குதில்ல. நான் மலையில வளந்தவன்" என்று சிரித்தார். "ஆனா கடல் மீன்ட தோலெண்டா ஒரு குத்தமும் இல்ல. கடலத் தெரிஞ்ச ஒருத்தர் கையில எடுத்துப் பார்த்துச் சொன்னாப் போதும். யாரு சொல்றீங்க?"

கேட்டீர்களா கேள்வியை! முற்றம் நிறையக் கடல்காரர்கள். திருக்கையோடு பிறந்து வளர்ந்தவர்கள். கண்ணைக் கட்டிவிட்டுத் தடவச் சொன்னாலும் சொல்வார்கள். அந்தப் புள்ளியைத் தூரத்தில் கண்டாலே தெரியும். ஒருத்தன் மணலைப் பார்த்தான். ஒருத்தன் தென்னையைப் பார்த்தான். எல்லாரும் றஸீனின் வள்ளத்தில் போகிறவர்கள்.

"தொட்டுப் பார்க்கலாம். பண்டித் தோலெண்டாலும் காய்ஞ்சதக் காய்ஞ்ச கையால தொட்டா ஒண்டும் ஆகாது. ஈரமெண்டாத்தான் அசுத்தம் ஒட்டும்" என்றார் ஹஸ்ரத் மறுபடியும்.

"இந்த வெயிலுக்கு வேர்க்காத கை எங்க இரிக்கி ஹஸ்ரத்?" என்றான் றஸீன் மரியாதையாக. "பாருங்களேன், புள்ளி புள்ளியா. மயிர்க்கால் தெரியுது."

என்னால் பொறுக்க முடியவில்லை. வேலியைத் தாண்டி வந்து துவக்கைக் கையில் எடுத்தேன். "மயிர்க்காலா? கண்ணு குருடா? இது திருக்கை! நான் வாளியில தூக்கிப் போன தோல்!"

"பொம்புளையளுக்கு திருக்கைக் கறி தெரியும். தோலப் பத்தி என்ன தெரியும்?"

"தோல உரிச்சுக் கழுவிக் கறியாக்குறது நீங்களா நாங்களா?"

இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். றஸீன் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. நான் விடவில்லை. கூட்டத்தில் நின்ற என் புருஷனைக் கையை நீட்டிக் காட்டினேன். "ஹஸ்ரத், இந்தா நிக்கிறார். புடிச்சவரும் இவர்தான், உரிச்சவரும் இவர்தான். கேளுங்க."

ஹஸ்ரத்தின் முகம் மலர்ந்தது. "தம்பி, உண்மையா?"

மிஹ்லார் றஸீனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "நான் எவ்வளவோ திருக்கை புடிக்கிறவன் ஹஸ்ரத். எது எங்க போச்சுண்டு எனக்கு எப்புடித் தெரியும்?"

அல்லாஹ்வே, இந்த மனுசனுக்கா இத்தனை வருடம் சோறு போட்டேன் என்று நினைத்தேன். ராத்தா என் கையைப் பிடித்து அமத்தினாள். அவள் மிஹ்லாரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஹஸ்ரத் பெருமூச்சு விட்டார். "சந்தேகமெண்டா விட்டுடுறது நல்லம் உம்மா. அந்தத் தோலக் கழட்டிட்டு வேற ஏதாவது சுத்திக்கொள்ளுங்க." துணிக்கட்டை அவிழ்ப்பதைப் போல அவிழ்க்கலாம் என்று அந்த மனுசன் நினைத்துவிட்டார்.

"கழட்டினா என்ட சாக்க லொறில ஏத்துவீங்களா?" என்று ராத்தா றஸீனிடம் கேட்டாள்.

"ஏன் ஏத்தாம மச்சி? நமக்குள்ள என்ன கோவமா?"

ராத்தா மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்தாள். தங்கூசித் தையலை அறுத்தாள். தோல் அசையவில்லை, அது பசையில் மரத்தோடு மரமாகிவிட்டது. மறுபக்கத்தைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை, நான்தான் பிடித்தேன். கத்தியைத் தோலுக்குள் விட்டு நெம்பினாள். றஸீன் தள்ளி நின்று, "அந்தப் பக்கத்தால, அந்தப் பக்கத்தால. இன்னும் அமத்துங்க மச்சி" என்று சொல்லிக்கொடுத்தான். ஒரு கடைசி நெம்பலில் தோல் கிளம்பியது. தோலோடு மரமும் வந்தது. கழுத்து சிம்பு சிம்பாகக் கிழிந்து, பித்தளை ஆணி தெறித்து, குழல் என் கையிலும் சோங்கு அவள் மடியிலுமாகக் குந்தியிருந்தோம். ஹஸ்ரத் "இன்னாலில்லாஹ்" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் மெல்லக் கலைந்தது.

கலையும் முன்னே இன்னொன்றும் நடந்தது. தோலை வெறுங்கையால் பிடித்ததால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணோடு, கையைக் கழுவச் சொன்னான் றஸீன். ராத்தா கிணற்றடிக்குப் போய் எல்லாரும் பார்க்கக் கழுவினாள். நெம்பியதில் நொந்திருந்த பழைய காயம் மண் பட்டுத் திரும்பவும் திறந்தது. என்னையும் கழுவச் சொன்னார்கள். நான் கழுவவில்லை. அதே கையால் வீட்டுக்குப் போய் மிஹ்லாருக்குச் சோறு வைத்தேன்.

"எஞ்சினக் கழட்டி எடுத்தான் எண்டா நாம எதத் தின்றது, சொல்லு?" என்றார்.

"நீங்க தின்றதுக்கு ஒரு குறையும் வராது. தின்னுங்க" என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

லொறி சாக்கை ஏற்றியது, அது உண்மை. ஆனால் அந்தக் கிழமையே பன்றிகள் திரும்பின. துவக்கில்லாத தோட்டத்தைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு ஒரு ஹஸ்ரத்தும் தேவைப்படவில்லை. ராத்தா தகரம் தட்டினாள், பழைய டயர் எரித்தாள், தொண்டை கிழியக் கத்தினாள். விடியும்போது பாத்திக்குள் மனுசி குந்தியிருப்பாள், சுற்றிவர மண் குழம்பிக் கிடக்கும், கடித்துப் போட்ட பீட்ரூட்டின் சிவப்பு அவள் சேலை முழுக்க இருக்கும். புதுச் சோங்கு செதுக்க நல்ல மரம் தேடுகிறேன் என்று இன்னாசிப்பிள்ளை சொல்லி அனுப்பினார். மரம் கிடைக்கும் முன்னே வருடம் முடிந்தது. துவக்கை வேலை செய்யும் நிலையில் காட்டினால்தான் லைசன் புதுப்பிப்பார்கள். இரண்டு துண்டை எப்படிக் காட்டுவது? பொலிசில் ஒப்படைத்தாள். அடுத்த மாதம் காணியை றஸீனுக்கு எழுதினாள். வீடு இருக்கும் துண்டில் இருந்துகொள்ளலாம் என்று அவன் பெரிய மனசு பண்ணினான்.

கூலிக்கு அவனுடைய தோட்டத்துக்கே போனாள். அதாவது தன் தோட்டத்துக்கே. "வேற எங்க போறது புள்ள? இந்த மண்ணில எங்க தண்ணி நிக்கும், எங்க நிக்காது எண்டு எனக்குத்தானே தெரியும்" என்றாள். அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது எனக்கு.

அடுத்த வருடம் துவக்கு றஸீனின் பெயருக்கு வந்தது. அண்ணனின் துவக்கு தம்பிக்கு வருவதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, சிரிப்புமில்லை. துண்டாகக் கிடக்கிறதே என்று கச்சேரியில் ஒருத்தரும் கேட்கவுமில்லை. துண்டுகளை இன்னாசிப்பிள்ளையிடம்தான் கொண்டுபோனான். எனக்குச் செய்தி வந்ததும் ஆலங்குடாவுக்குப் போனேன். மனுசன் புதுச் சோங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி. வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். திருக்கைத் தோல்.

"அண்ணன், இது என்ன?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் வேணாமெண்டுதான் சொன்னன். புது மரத்துக்குத் தோல் தேவையில்ல எண்டன். அவர்தான், 'மச்சிக்குப் போட்ட மாதிரியே போடு, அதுதான் வடிவு, அதுதான் புடி' எண்டு சொன்னார். தோலும் அவர்ட வள்ளத்துலதான் வந்திச்சு."

யார் கொண்டுவந்து தந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

பீட்ரூட் பிடுங்கும் நாட்களில் ஆள் போதாது என்று என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். ராத்தாவுக்குப் பக்கத்துப் பாத்தியில் நின்றேன். றஸீன் காலையிலிருந்து துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தான். கடைத்தெருவில் ஒரு கிழமையாக அதைக் கை மாற்றிக் கை மாற்றித் தடவி "என்ன வேலைப்பாடு!" என்று மெச்சியவர்களை நான் கண்டிருந்தேன், அன்று முற்றத்தில் மணலைப் பார்த்த அதே ஆட்கள். வெயில் நல்ல வெயில். அவன் உள்ளங்கை வேர்த்து சோங்கின் கழுத்து ஈரத்தில் பளபளத்தது.

மத்தியான லுஹர் பாங்கு கேட்டது. றஸீன் தண்ணீர்ப் பம்படிக்கு வந்தான். துவக்கை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தான். மண் ஈரமாக இருந்தது.

"மச்சி, இதக் கொஞ்சம் புடிங்க" என்று ராத்தாவின் கையில் கொடுத்தான்.

ராத்தா வாங்கினாள். அவளுடைய தழும்புக் கை நேராகச் சோங்கின் கழுத்தில் போய்ப் பொருந்தியது. றஸீன் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒழுச் செய்தான். எல்லாரும் செய்கிறதைப் போலத்தான் கை கழுவினான். ஏழு தரமும் இல்லை, மண்ணும் இல்லை. துண்டை விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொழ நின்றான். தோட்டா போட்டிருந்ததா இல்லையா எனக்குத் தெரியாது. ராத்தாவின் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நானாக இருந்தால், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், என்ன செய்திருப்பேன் என்று சொல்ல எனக்கே பயம். அவள் அசையவில்லை. பெருவிரலால் அந்தத் தோலை மட்டும் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள், மணி மணியாக.

அவன் ஸலாம் கொடுத்து எழும்பினான். துண்டை உதறி மடித்துக்கொண்டு வந்து கையை நீட்டினான்.

"தம்பி, இது என்ன தோல்?" என்று ராத்தா கேட்டாள்.

குத்திக் கேட்கிறாள், இப்போது இவன் முகம் மாறும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். மாறவில்லை. அவன் ஒளிக்கவுமில்லை, முழிக்கவுமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுசனுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகத்திலேயே இல்லை.

"திருக்கைதானே மச்சி" என்றான் துவக்கை வாங்கித் தோளில் போட்டபடி. "கடற்கரையில பொறந்து வளந்துட்டு, இது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் தம்பி" என்றாள் ராத்தா. குனிந்து அடுத்த பீட்ரூட்டைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, அவனுடைய சாக்கில் போட்டாள்.